38 ஆயிரம் ரிப்போர்ட்டும் 1.65 லட்சம் ரிப்போர்ட்டும்: எங்கள் ஃபிளாட்டுக்கு நிலநடுக்கச் சோதனை செய்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு கம்பெனிகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதல் கம்பெனியின் பெயரைப் போட்டால் சங்கத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், இரண்டாவதின் பெயரைப் போட்டால் உன் மச்சினன் கம்பெனியா என்று கேட்பீர்கள். பெயரை விடுங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் எங்களுக்கு ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 44,840 ரூபாய் மிச்சமாகியிருக்கும். அந்த வயிற்றெரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டடம் நங்கநல்லூர்ப் பக்கம், மூன்று கிரவுண்டில், 1996இல் முடித்தது. தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு நாலு வீடு, ஆக 12. லிஃப்ட் கிடையாது. அந்தக் காலத்தில் சென்னையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் இதே அச்சில் ஒன்று இருக்கும், இப்போதும் இருக்கிறது. நான் 1998இல் குடிவந்தேன். நாலு வருடமாகச் செயலாளர், மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் மாட்டேன் என்றதால்.

விஷயம் ஆரம்பித்தது ரீடெவலப்மென்ட் பேச்சில். ஒரு பில்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போண்டா காபியோடு வந்து மொட்டைமாடியில் மீட்டிங் போட்டார். இடித்துக் கட்டித் தருகிறேன், ஆளுக்கு இவ்வளவு சதுர அடி கூட என்று சொல்லிக்கொண்டே வந்தவர், யாரும் அசையவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, "சென்னை எர்த்குவேக் ஜோன் மாறிடுச்சு சார். உங்க பில்டிங் பழைய ஜோனுக்குக் கட்டினது. ஒரு ஆட்டம் ஆடினா அப்படியே உக்காந்துரும்" என்றார். இரண்டாவது மாடி மாமி அன்றிரவு தூங்கவில்லை, மறுநாள் காலை பால் வாங்க இறங்கியவர் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தியாவில் நிலநடுக்கத்துக்கான கட்டட விதி ஐ.எஸ். 1893, அதில் 2002இல் செய்த திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது (எண் கூடினால், எதிர்பார்க்க வேண்டிய ஆட்டமும் கூடுதல்). எங்கள் கட்டடம் அதற்கு ஆறு வருடம் மூத்தது. ஆனால் மண்டலம் மாறியதாலேயே பழைய கட்டடம் எல்லாம் விழுந்துவிடும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறது. சரி, இடித்துக் கட்ட விரும்புகிறவரிடமே இடிக்கலாமா என்று கேட்பதைவிட, இரண்டிலும் லாபம் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று பொதுக்குழுவில் முடிவானது.

"சென்னையில ஏது சார் நிலநடுக்கம்" என்று கேட்கிறவர்களுக்கு: 2001 செப்டம்பர் 25 ராத்திரி நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டு தானாக நகர்ந்தது, தெருவே வெளியே நின்றது, அது புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சுமத்ரா பக்கம் 8.6 வந்தபோது எங்கள் அலுவலகத்தில் ஆறாவது மாடியிலிருந்து எல்லோரையும் படி வழியாக இறக்கிவிட்டார்கள். இரண்டிலும் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பது நற்சான்றிதழா என்றால், அது வேறு விஷயம், வருகிறேன்.

முதல் கம்பெனி. மூன்று கொட்டேஷன் வாங்கி, வழக்கம்போல அடிமட்ட விலையைப் பிடித்தோம். 38,000 பிளஸ் ஜி.எஸ்.டி. "சீஸ்மிக் ஆடிட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள், ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். கையில் ஒரு சுத்தியல் கருவி, அதைத் தூணில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தட்டித் திரும்பி ஒரு எண் காட்டும். இன்னொன்று, தூணின் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி ஒட்டி, ஒலி எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பார்க்கும் பெட்டி. பத்து நாளில் 46 பக்க ரிப்போர்ட் வந்தது. அதில் முப்பது பக்கம் போட்டோ. என் ஸ்கூட்டர் நாலு போட்டோவில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, நிலநடுக்கத்தைத் தாங்கும் தகுதி உடையது.

நான் சிவில் படித்தவன் இல்லை, வங்கியில் கணக்குப் பார்த்தவன். ஆனால் கணக்கு இல்லாமல் விடை மட்டும் இருந்தால் எனக்கு அரிக்கும். போன் போட்டு, எந்த மண்டலத்துக்கான ஆட்டத்தைத் தாங்கும் என்று கேட்டேன். "எல்லா ஜோனுக்கும் தாங்கும் சார்." எப்படிச் சொல்கிறீர்கள்? "ரீடிங் எல்லாம் குட்ல இருக்கே சார்."

இங்கேதான் இந்தத் தொழிலில் நடக்கும் முக்கியமான ஏமாற்று இருக்கிறது, ஏமாற்று என்று சொல்வது அதிகமென்றால் மழுப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. பூமி பக்கவாட்டில் ஆட்டும்போது கட்டடம் நிற்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது சுலபம், மலிவு, அதற்குக் கருவி இருக்கிறது. அந்த விடையை இரண்டாவது கேள்விக்கான விடையாக அட்டை மாற்றி விற்கிறார்கள். அரிசி நல்ல அரிசி என்பதால் சாதம் குழையாமல் வரும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

அவர்கள் செய்தது சுத்தமாக வீண் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டில் பாத்ரூம் தளத்துக்கு அடியில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உப்பியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அதைச் சரி செய்தோம். பராமரிப்புக்கான பரிசோதனை என்று சொல்லி இதே விலைக்கு விற்றிருந்தால் ஐந்துக்கு மூன்று போட்டிருப்பேன். நிலநடுக்கத்தின் பெயரைச் சொன்னதால் ஒன்று.

இரண்டாவது கம்பெனியை எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் ஒரு ரிட்டயர்டு பி.டபிள்யூ.டி. இன்ஜினியர் சொன்னார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "என்னைக் கேக்கலையே" என்றார். 1,65,000 பிளஸ் ஜி.எஸ்.டி., மொத்தம் 1,94,700, வீட்டுக்கு 16,225. பொதுக்குழுவில் என்ன சத்தம் வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மாமி ஒருவர்தான், "எனக்கு ராத்திரி தூக்கம் வரணும், நான் குடுக்கறேன்" என்று முதலில் கை தூக்கினார்.

வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் இன்ஜினியர், கூடவே ஒரு உதவியாளர். முதல் நாள் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. டிராயிங் இருக்கிறதா என்று கேட்டார். ஸ்ட்ரக்சுரல் டிராயிங் யாரிடமும் இல்லை, கட்டியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. என் பத்திரக் கட்டில் அப்ரூவ்டு பிளானின் மங்கலான ஜெராக்ஸ் ஒன்று இருந்தது, அதை வாங்கிக்கொண்டு கீழே போய் பார்க்கிங்கில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் இருக்கும். எங்கள் பிரசிடென்ட் என் காதில், "இதுக்கா சார் ஒண்ணே முக்கால் லட்சம்?" என்றார்.

அப்புறம் இஸ்திரி அண்ணனின் மேசைப் பக்கம் போனார். எங்கள் பார்க்கிங் ஓரத்தில் இருபது வருடமாக அந்த மேசை நிற்கிறது, கனமான பலகை, மேலே துணி மூட்டை, கரி இஸ்திரிப் பெட்டி, கீழே நாலு மெல்லிய கால். "கொஞ்சம் பெட்டியை எடுத்துக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பலகையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளினார். மேசை ஆடியது. "பலகை வளைஞ்சுதா சார்?" இல்லை. "துணி மூட்டை கலைஞ்சுதா?" இல்லை. கால்கள் மட்டும்தான் சாய்ந்து சாய்ந்து வந்தன. "மேல மூணு மாடியும் இந்தப் பலகை. ரூமுக்கு ரூம் செங்கல் சுவர் இருக்கு, அதெல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி மாதிரி விறைப்பா நிக்கும். கீழ சுவரே இல்ல, இருபது கால்தான். ஆட்டம் வந்தா மொத்த அசைவும் இந்த ஒரு தளத்துல வந்து சேரும்."

இதைத்தான் சாஃப்ட் ஸ்டோரி, அதாவது விறைப்பில்லாத தளம், என்கிறார்கள். 2001 ஜனவரி 26 காலை பூஜ் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தனவே, அவற்றில் நிறைய இந்த ரகம்தான்: கீழே திறந்த பார்க்கிங், மேலே வீடுகள். அமெரிக்காவிலும் இதே கதைதான், 1994இல் நார்த்ரிட்ஜில் ஓர் அடுக்ககத்தின் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் 2015இல் இந்த மாதிரிப் பழைய மரக் கட்டடங்களைக் கட்டாயம் பலப்படுத்த வேண்டும் என்று சட்டமே போட்டது. நம் விதியும் சும்மா இருக்கவில்லை, 2002 பதிப்பு கீழ்த்தளத் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப் போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. எங்கள் தூண்கள் 1996இல் வார்த்தவை, அவற்றுக்கு இதெல்லாம் தெரியாது.

மறுவாரம் தூணைத் திறந்தார்கள். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முதலில் கம்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேனரைத் தூணின் மேல் மெதுவாக நகர்த்தி சாக்பீஸால் கோடு போட்டார் உதவியாளர். குறுக்குக் கோடுகள், அதாவது ரிங்குகள், ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று. தூணே 9க்கு 12. அப்புறம் பீமுக்குக் கீழே, தூணின் மூலையில் ஒரு சாண் உயரத்துக்குப் பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் உளியால் தட்டி எடுத்தார். உள்ளே பென்சில் கனத்துக்கு ஒரு ரிங், ஆறு மி.மீ. வழுவழுக் கம்பி, துரு அதிகமில்லை. அதன் முனை மூலைக் கம்பியைச் சுற்றி வந்து எல் போல மடங்கி நின்றது, அவ்வளவுதான். அந்தப் பெண் தன் சுண்டுவிரலை அந்த மடிப்பில் விட்டுக் காட்டினார்.

"இது 90 டிகிரி. இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கி, தூண் நடுவுக்குள்ள கொக்கி மாதிரி போயிருக்கணும், 135 டிகிரி. ஆட்டத்துல மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் இந்த எல் பிரிஞ்சிடும். ரிங் பிரிஞ்சா நெட்டுக் கம்பி வெளிய பிதுங்கும்." மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ரிங்கிலும் இரண்டு அங்குலக் கம்பியும், கம்பி கட்டுபவரின் அரை நிமிடமும் கூடச் செலவாகியிருக்கும். அந்த மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது, இந்த மாதிரி மடக்கச் சொல்லும் ஐ.எஸ். 13920 1993இலேயே வந்துவிட்டது என்றாலும், அன்றைக்கு இரண்டாம் மண்டலமாக இருந்த சென்னையில் மூன்று மாடி வீட்டுக்கு அதை யாரும் கேட்கவில்லை.

அதே துளையில் ஏதோ ஒரு திரவத்தை ஸ்ப்ரே செய்தார்கள். மேலே ஒரு அரை அங்குலம் நிறம் மாறவில்லை, அதற்கு உள்ளே பளிச்சென்று ரோஸ் மில்க் கலர். நிறம் மாறாத பகுதியில் கான்கிரீட் காற்றோடு சேர்ந்து காரத்தன்மையை இழந்துவிட்டது, ரோஸ் பகுதியில் இன்னும் இருக்கிறது, அதுவரை கம்பிக்குப் பாதுகாப்பு என்றார். அப்படியே போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: மேல்தோல் இப்படிக் காரம் இழக்கும்போது இறுகிவிடும், அதனால் சுத்தியல் கருவி பழைய கட்டடத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். முதல் ரிப்போர்ட்டின் "குட்" ரீடிங்குகள் ஞாபகம் வந்தன.

கோர் எடுத்த நாள் பெரிய ரகளை. மூன்று இடத்தில் மூன்று அங்குல விட்டத்துக்குத் துளையிட்டு உருளையாக கான்கிரீட்டை எடுப்பது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுழலும் இயந்திரம், சத்தம் தெருமுனை வரை. முதல் மாடியில் ஆன்லைன் கிளாஸ் எடுக்கும் டீச்சர் இறங்கி வந்து சண்டை போட்டார், அவரைச் சமாதானம் செய்தது தனிக் கதை. லேபில் அமுக்கிப் பார்த்ததில் கான்கிரீட்டின் வலு சதுர மி.மீ.க்கு சராசரி 13.6 நியூட்டன், குறைந்தது 11.9. எங்கள் கட்டடம் அந்தக் காலத்து ஒன்றுக்கு ரெண்டுக்கு நாலு கலவை, எம் 15, அதாவது வலு 15 என்று வைத்துக்கொண்டால் விதிப்படி சராசரி 85 சதவீதம், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 12.75, 11.25. தேறிவிட்டது. கவனியுங்கள், கான்கிரீட் பாஸ். முதல் கம்பெனி சொன்னது பொய் இல்லை.

கட்டடம் ஃபெயில்.

எப்படி என்று அவர் எனக்குப் புரிகிற மாதிரிப் போட்ட கணக்கு இது. கட்டடத்தின் எடை சுமார் 1,600 டன். மூன்றாம் மண்டலம், இந்த உயரம், நடுத்தர மண், சாதாரணமாக வார்த்த தூண்-பீம் சட்டம் என்று வைத்தால் அந்த எடையில் நூற்றுக்கு 6.7 பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. 107 டன். இருபது தூணுக்குப் பகிர்ந்தால் சராசரி ஐந்தேகால் டன் சொச்சம். கீழே சுவர் இல்லாததற்கான இரண்டரை மடங்கையும் போட்டால் தூணுக்கு 13 டன்னுக்கு மேல். ஒன்பதுக்குப் பன்னிரண்டு தூணில், ஒன்பது அங்குலத்துக்கு ஒரு ஆறு மி.மீ. ரிங்கோடு, அந்த விசையை வாங்க முடியாது. இதே கணக்கை இரண்டாம் மண்டலத்துக்குப் போட்டால் 107க்குப் பதில் 67 டன்தான் வரும், பில்டர் சொன்ன "ஜோன் மாறிடுச்சு"வின் உண்மையான அளவு இவ்வளவுதான். ஜோனைவிடக் கீழே இருக்கும் பார்க்கிங்தான் எங்களுக்குப் பெரிய வில்லன்.

பழைய கட்டடத்தைப் புதுக் கட்டடத்தின் அளவுகோலால் அப்படியே அளந்தால் ஊரில் பாதி தேறாது, அதனால் பழைய கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிட ஐ.எஸ். 15988 என்று 2013இல் தனியாக ஒரு வழிகாட்டி வந்திருக்கிறது, அது விசையைக் கொஞ்சம் குறைத்தே கேட்கிறது. அந்தச் சலுகையையும் கொடுத்துப் பார்த்தார். அப்படியும் கீழ்த்தளத்தில் 20க்கு 13 தூண் தேறவில்லை. கம்ப்யூட்டரில் கட்டடத்தின் உருவத்தைப் போட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய், எது முதலில் உடைகிறது என்று பார்க்கும் ஒரு முறை இருக்கிறது, புஷ்ஓவர் என்கிறார்கள். லேப்டாப்பில் அதை ஓட்டிக் காட்டினார். மேல் மூன்று மாடியும் நேர்க்கோடாக, ஒரு புள்ளிகூடச் சிவக்காமல் அப்படியே நகர்ந்தது. கீழே மட்டும் தூண்களின் தலையிலும் காலிலும் வரிசையாகச் சிவப்பு. இஸ்திரி மேசை.

எங்களுக்குத் தோன்றவே தோன்றாத இரண்டு விஷயங்களையும் பிடித்தார். ஒன்று, வாட்ச்மேன் ரூம். 2009இல் இரண்டு தூணுக்கு நடுவே மார்பளவு செங்கல் சுவர் எழுப்பி, மேலே கிரில் போட்டு நாங்களே கட்டியது. அந்த இரண்டு தூணும் சுவர் இருக்கும் உயரம் வரை அசைய முடியாது, மேலே மிச்சமிருக்கும் நாலடியில்தான் முழு வளைவும் வர வேண்டும், குட்டையான தூண் விறைப்பு அதிகம் என்பதால் விசையையும் அதிகமாக இழுத்துக்கொள்ளும், அங்கேதான் குறுக்காக எக்ஸ் போல வெடிக்கும். சுவருக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விட்டு அறுத்துவிடுங்கள் என்றார், 4,000 ரூபாய் வேலை, அந்த வாரமே முடித்தோம். இன்னொன்று, மொட்டைமாடியில் செங்கல் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாலு பிளாஸ்டிக் டேங்குகள், ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு டன். கட்டடம் நின்றாலும் அவை உருண்டு வந்து சேரும் இடம் சரியாக கேட்டுக்கு மேலே. இப்போது பட்டை போட்டுக் கட்டியிருக்கிறோம்.

ரிப்போர்ட்டை விளக்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். பிரசிடென்ட் நேராகக் கேட்டார்: "சுத்தி வளைக்காம சொல்லுங்கம்மா, விழுமா விழாதா?"

அவர் சொன்ன பதில்தான் இந்த 1.65 லட்சத்தில் ஒரு லட்சம் பெறும். "அந்தக் கேள்விக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும் சார். ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் உயிரோட வெளிய வந்தா போதுமா, இல்ல மறுநாள் திரும்பி வந்து குடியிருக்கணுமா? விதி கேக்கறது முதல்தான். புதுசா கட்டற கட்டடத்துக்கே அதுதான். சுவர் வெடிக்கலாம், அப்புறம் இடிக்கவே வேண்டியிருக்கலாம், ஆனா ஆள் மேல விழக்கூடாது. உங்க கட்டடம் அந்த முதல் படியையே மூணாம் மண்டலத்துக்கான ஆட்டத்துல தாண்டாதுன்னு கணக்கு சொல்லுது. அந்த ஆட்டம் எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. 2001ல வந்தது அதுல ஒரு சின்னப் பங்குதான், அதனால அன்னிக்கு ஒண்ணும் ஆகலைங்கறதை வெச்சு எதுவும் சொல்லாதீங்க." மாமி, "அப்போ இடிச்சே ஆகணுமா?" என்றார். "அப்படி நான் சொல்லவே இல்லையே மாமி. கீழ்த்தளம் ஒண்ணுதான் பலவீனம். அதை மட்டும் பலப்படுத்தலாம்."

குறைகளும் இருக்கின்றன. நாலு வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டார்கள். ரிப்போர்ட் 118 பக்கமும் ஆங்கிலம், அதில் எண்பது பக்கம் கம்ப்யூட்டர் கக்கிய அட்டவணை. தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதித் தாருங்கள் என்று நான் பின்னாலேயே அலைந்த பிறகுதான் வந்தது, அதிலும் பாதி ஆங்கிலம். கோர் எடுத்த துளைகளை அடைத்த விதம் மகா மட்டம், சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது, பெயின்ட் எங்கள் செலவு. அஸ்திவாரத்தைப் பார்க்க ஒரு குழி தோண்டியதற்குத் தனியாக 9,000, அது கொட்டேஷனில் இல்லை. மண் பரிசோதனை செய்யவே இல்லை, அக்கம்பக்கத்தில் மண்ணில் துளை போட்டு எடுத்த விவரங்களை வைத்து நடுத்தர மண் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் கெட்டியான தரை, பரவாயில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி சதுப்புக் களிமண் பக்கம் இருக்கிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். 1985இல் மெக்சிகோ நகரம் அவ்வளவு அடி வாங்கியதற்குக் காரணம் பழைய ஏரிப்படுகையின் மென்மையான மண், மையமோ 350 கி.மீ. தள்ளி இருந்தது. ஐந்துக்கு நாலு. ஒரு மார்க் தாமதத்துக்கும் அந்தத் திட்டுகளுக்கும்.

ஆகவே நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால், கொட்டேஷன் வந்ததும் இதை மட்டும் கேளுங்கள்: பக்கவாட்டு விசைக்கான கணக்கு ரிப்போர்ட்டில் இருக்குமா, எந்த விதிப்படி, தூணைத் திறந்து ரிங்கைப் பார்ப்பீர்களா, எத்தனை இடத்தில், கையெழுத்துப் போடுகிறவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா, அவரே நேரில் வருவாரா. முதல் கேள்விக்கே "மெஷின்ல எல்லாம் தெரிஞ்சிடும் சார்" என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். திறந்த பார்க்கிங் இல்லாமல் தரையிலிருந்தே வீடுகள் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடம் என்றால் எங்கள் அளவுக்குச் செலவழிக்க வேண்டுமா என்பது சந்தேகம்தான். வெளியிலிருந்து பார்த்து ஒரு படிவத்தில் மதிப்பெண் போடும் விரைவுச் சோதனை முறை ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் செய்து பார்க்கலாம், அதில் சந்தேகம் வந்தால் மேலே போகலாம்.

இப்போது எங்கள் நிலைமை. அவர்கள் கொடுத்த யோசனை, ஒன்பது தூண்களைச் சுற்றிலும் நாலு அங்குலம் புதுக் கம்பியோடு கான்கிரீட் சட்டை போடுவது, நாலு இடத்தில் தூணுக்குத் தூண் அஸ்திவாரத்திலிருந்து முதல் தளம் வரை கான்கிரீட் சுவர் எழுப்புவது. உத்தேசச் செலவு 34 லட்சம், வீட்டுக்கு 2.83 லட்சம். பில்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன், "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றார், பலப்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் புரட்டவே இல்லை. பதினொரு வீடு பணத்துக்குச் சம்மதம், மூன்றாவது மாடியில் ஒருவர் மட்டும் வாடகைக்கு விட்டிருப்பதால் யோசிக்கிறார். பிரச்சினை பணம் இல்லை. நாலு சுவரில் இரண்டு பின்பக்க மதிலை ஒட்டி வருகின்றன, யாருக்கும் தொந்தரவில்லை, மற்ற இரண்டும் ஆளுக்கு ஒரு காரின் இடத்தைச் சாப்பிடுகின்றன. வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், சுவர்கள் ஒரே பக்கமாகக் குவிந்தால் கட்டடம் ஆட்டத்தில் முறுக்கிக்கொள்ளும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், மாற்றினால் கணக்கை மறுபடி போட வேண்டும், அதற்குத் தனி ஃபீஸ் என்றார். ஒன்று எங்கள் பிரசிடென்டின் இடம், நம்பர் 4. அவர் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்துவிட்டார். இன்னொன்று நம்பர் 7, அதாவது என்னுடையது. ஆடி முடிந்து பொதுக்குழு வைத்திருக்கிறோம், அதற்குள் தெருவில் கார் நிறுத்தப் பழகிக்கொள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.